ஓர் அரபியருக்கு எந்தப் பேச்சு விளங்கும்? வளைகுடாவுக்குப் புறப்படும் குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

விசா கைக்கு வந்ததும் கருங்கல், தேங்காப்பட்டணம், தூத்தூர்ப் பக்கத்து இளைஞர்கள் என்னைத் தேடி வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "அண்ணே, அரபி படிச்சுட்டா அங்க யாரு பேசினாலும் விளங்கிருமா?" என்பதுதான் அது. ஓமான் நாட்டின் தோஃபார் கரையில், ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் பதினோர் ஆண்டுகள் கணக்கெழுதிவிட்டு ஊர் திரும்பியவன் நான். அரபியைத் தாய்ப்பாலோடு கற்றவருக்கே அங்கே பேசப்படுவதெல்லாம் விளங்குவதில்லை என்பதுதான் அந்த ஆண்டுகள் எனக்குக் கற்றுத்தந்த பதில். அரபு லீக்கில் 22 நாடுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று எளிதில் விளங்கும் வழக்குகளும் உண்டு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போலத் திகைக்கவைக்கும் வழக்குகளும் உண்டு. அரபியே அல்லாத பழைய மொழிகளும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்தறியத் தெரிந்தவர், கேட்பதில் பாதி விளங்காதபோது தனக்கு மொழியே வராது என்று மனம் உடைந்துபோக மாட்டார். தவறாக விளங்கிக்கொள்வதால் வேலையிலும் சம்பளத்திலும் உடல்நலத்திலும் வரும் கேடுகளையும் அவர் பெருமளவு தவிர்த்துவிடலாம். அப்படிப் பிரித்தறியும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

எழுத்தை வைத்து மொழியைத் தீர்மானிக்காதீர்கள்

நம் மாவட்டத்தில் மதரஸாவில் ஓதியவர்களுக்கு அரபு எழுத்து தெரியும் என்பது பெரிய நன்மை. ஆனால் எழுத்து ஒன்றாக இருந்தால் மொழியும் ஒன்றாக இருக்கும் என்ற எண்ணம் அவர்களிடம்தான் அதிகம். திருவிதாங்கோடு, தக்கலைப் பக்கத்துப் பழைய முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் பாட்டிமார் வைத்துப் படித்த அரபுத்தமிழ் நூல்கள் உண்டு. அரபு எழுத்தோடு, தமிழுக்கே உரிய சில ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி எழுதப்பட்ட தமிழ் அது. அந்நூலைக் கெய்ரோவில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் கொடுத்தால் எழுத்தைக் கூட்டித் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவார்; ஒரு வாக்கியத்துக்கும் பொருள் தெரியாது. நம் பிள்ளைகள் பொருள் தெரியாமலே திருக்குர்ஆனைப் பிழையின்றி ஓதுவதை மறுபுறமாகத் திருப்பிப் பார்த்தால் அவருடைய நிலை நமக்கு நன்றாகப் புரியும்.

பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் இதே கதைதான். ஈரான் கடற்கரையில் நம் மீனவர்கள் பலர் வேலை செய்திருக்கிறார்கள். 2020 ஜூலை முதல் நாள் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து தமிழ்நாட்டு மீனவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கரையில் கடைப் பலகைகளைப் பார்ப்பவர் அரபி என்றே நினைப்பார். அது பாரசீகம், அரபியோடு பிறப்பால் உறவில்லாத மொழி. கடன்வாங்கிய சொற்கள் ஏராளமாக இருப்பதால் அரபியர் ஆங்காங்கே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். பேச்சைப் பிடிக்க அவரால் இயலாது.

நேர் எதிரான எடுத்துக்காட்டு மால்டா. அந்தத் தீவின் மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்று. பார்வைக்கு இத்தாலிய மொழி போலத் தோன்றும். ஆனால் அது ஒருகாலத்தில் சிசிலித் தீவில் பேசப்பட்ட அரபியிலிருந்து கிளைத்தது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, துனீசியரும் லிபியரும் மால்டா மொழிப் பேச்சில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் புரிந்துகொள்கிறார்கள் என்றும், மால்டாக்காரர்கள் அவர்களுடைய பேச்சில் மூன்றில் ஒரு பங்கைத்தான் புரிந்துகொள்கிறார்கள் என்றும் கண்டது. இரு பக்கமும் அளவு ஒன்றாக இல்லை என்பதை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

ஒரு மொழிக்குள் இரண்டு நிலைகள்

மேடையில் ஒரு தமிழும் திண்ணையில் ஒரு தமிழும் பேசிப் பழகிய நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. செய்தி, சட்டம், பள்ளிப் பாடம், வேலை ஒப்பந்தம், வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஆகியவற்றில் வருவது ஃபுஸ்ஹா எனப்படும் செம்மை வழக்கு. 1973 டிசம்பர் 18-இல் ஐக்கிய நாடுகள் அவையின் அலுவல் மொழியானது அதுவே. வீட்டிலும் சந்தையிலும் துறைமுகத்திலும் பேசுவது ஆம்மிய்யா எனப்படும் வட்டார வழக்கு. ஃபுஸ்ஹாவை யாரும் தாய்மொழியாகப் பெறுவதில்லை, பள்ளியில் கற்கிறார்கள். ஆகவே மொராக்கோவின் பேராசிரியரும் ஈராக்கின் மருத்துவரும் சந்தித்தால் செம்மை வழக்கின் பக்கம் சாய்ந்து பேசி ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பள்ளிக்கு அதிகம் போகாத மொராக்கோ மீனவரும் ஈராக் மீனவரும் சந்தித்தால் அந்தப் பாலம் அங்கே இராது. "அரபியர்களுக்குள் விளங்குமா?" என்று கேட்பவர், எந்த அரபியர், எவ்வளவு படித்தவர், எந்த நிலையில் பேசுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

படித்தவர்களிடம் நடுவழக்கு ஒன்றும் உண்டு. 'வெள்ளைப் பேச்சு' என்ற பொருளில் அதை 'லஹ்ஜா பைளா' என்பார்கள். சொந்த ஊரின் தனிச்சொற்களைத் தவிர்த்து, எல்லோருக்கும் தெரிந்த சொற்களாகப் பொறுக்கிப் பேசுவது அது. விளவங்கோட்டுக்காரர் சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் தன் பேச்சை மாற்றிக்கொள்வதைப் போன்றது. அவர் தம்பியோடு தொலைபேசியில் பேசும்போது பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றும் விளங்காமல் போவதும் அப்படியே அங்கும் நடக்கும்.

'மாஷி' என்ற ஒரு சொல்

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் நடந்தது இது. கெய்ரோவிலிருந்து புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளர், கரையில் இருந்த முதிய ஓமானியப் படகுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, பனிக்கட்டி இருக்கிறதா என்று கேட்டார். மறுமுனையிலிருந்து "மாஷி" என்று பதில் வந்தது. எகிப்தியருக்கு 'மாஷி' என்றால் 'சரி, ஆகட்டும்' என்று பொருள். அவர் நெய்மீன் ஏற்றிய இரண்டு வண்டிகளையும் பனிக்கட்டி இல்லாமலே கரைக்கு அனுப்பிவைத்தார். ஓமானிலும் யேமனிலும் 'மாஷி' என்றால் 'இல்லை, ஒன்றும் கிடையாது' என்று பொருள். பனிக்கட்டி இயந்திரம் காலையிலேயே பழுதாகியிருந்தது. நான் கணக்குப் புத்தகத்தோடு போய்ச் சேர்ந்தபோது மீனின் கண்கள் குழிந்து வெளுத்திருந்தன. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு போய்ப் பழுப்பேறியிருந்தது. இருவரும் அரபியர், இருவரும் அரபியிலேயே பேசினார்கள், இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். பாதி விலைக்கும் குறைவாக அந்த மீன் போனதை நான்தான் கணக்கில் எழுதினேன்.

மொராக்கோவில் இதே 'மாஷி', 'அது அல்ல' என்று மறுப்பதற்கு வருகிறது. ஒரே சொல்லுக்கு மூன்று நாட்டில் மூன்று பொருள். நமக்கு இது புதிதல்ல. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் தாகத்துக்கு 'வெள்ளம்' கேட்கிறோம். அதைச் சென்னையில் கேட்பவர் ஆற்றில் பெருக்கெடுத்து வருவதைத்தான் நினைப்பார். முற்றிலும் தெரியாத சொல்லால் வரும் கேடு குறைவு; தெரியாது என்று உணர்ந்து மறுபடி கேட்டுவிடுவோம். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது கேட்கத் தோன்றுவதில்லை என்பதால் அங்கேதான் கவனம் தேவை.

அடுக்களையில் இந்த வகைச் சொற்கள் நிறைய. எகிப்தில் 'லபன்' என்றால் பால். வளைகுடாவில் 'லபன்' என்றால் மோர், பாலுக்கு 'ஹலீப்' என்பார்கள். எகிப்தியர் தேநீருக்கு லபன் கேட்டால் மோரை ஊற்றித் திரியவைத்துவிடாதீர்கள். எகிப்தில் 'ஏஷ்' என்றால் ரொட்டி. குவைத்திலும் பஹ்ரைனிலும் 'ஏஷ்' என்றால் சோறு. மருத்துவமனைகளில் வேலைக்குச் செல்லும் நம் செவிலியர் சகோதரிகள் இதை மறக்கக்கூடாது. சர்க்கரை நோயாளி காலையில் என்ன சாப்பிட்டார் என்று எழுதும் இடத்தில் ரொட்டியும் சோறும் மாறிவிடலாம். செம்மை வழக்கிலும் கிழக்கு நாடுகளிலும் மீனுக்கு 'ஸமக்' என்பது பொதுச்சொல், 'ஹூத்' என்பது திமிங்கிலம். மொராக்கோவிலும் துனீசியாவிலும் சந்தையில் விற்கும் சாளைகூட 'ஹூத்' தான். வளைகுடாவில் உழைப்பவரைப் பார்த்து 'யஃதீக் அல்ஆஃபியா', அதாவது 'இறைவன் உனக்கு நலம் தரட்டும்' என்று வாழ்த்துவது அழகான வழக்கம். மொராக்கோவில் 'ஆஃபியா' என்பது நெருப்பைக் குறிக்கும். அங்கிருந்து புதிதாக வந்தவரை வாழ்த்தினால் அவர் முகம் மாறுவதன் காரணம் இதுதான்.

பேசுபவர் எந்த நாட்டவர் என்று கண்டுபிடிக்க

நூறு சொல் தெரிய வேண்டியதில்லை. நாள்முழுதும் திரும்பத் திரும்ப வரும் நாலைந்து சொற்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நாடுவாரியாக எழுதிவைத்துக்கொண்டால் முதல் இரண்டு வாக்கியங்களிலேயே ஆள் பிடிபட்டுவிடுவார். 'இப்போது' என்பதற்கு வளைகுடாவில் 'அல்ஹீன்', எகிப்தில் 'தில்வஅத்தி', சிரியா, லெபனான் பக்கம் 'ஹல்லஅ', ஈராக்கில் 'ஹஸ்ஸா', துனீசியாவில் 'தவ்வா', மொராக்கோவில் 'தாபா'. 'வேண்டும்' என்பதற்கு வளைகுடாவில் 'அபீ' அல்லது 'அப்கா', எகிப்தில் ஆண் சொன்னால் 'ஆயிஸ்', பெண் சொன்னால் 'ஆய்ஸா', சிரியாவில் 'பித்தி', ஈராக்கில் 'அரீத்', மொராக்கோவில் 'ப்கீத்'. 'நிறைய' என்பதற்கு வளைகுடாவில் 'வாயித்', சிரியாவில் 'க்தீர்', துனீசியாவில் 'பர்ஷா', மொராக்கோவில் 'பஸ்ஸாஃப்'. நலம் விசாரிக்கும்போது குவைத்தியரும் ஈராக்கியரும் 'ஷ்லோனக்' என்பார்கள். சொல்லைப் பிரித்தால் 'உன் நிறம் என்ன' என்று வரும், கேட்பதென்னவோ நலம்தான். எகிப்தியர் 'இஸ்ஸய்யக்' என்பார்.

நாடு தெரிந்துவிட்டால் அடுத்தது ஒலிமாற்றம். 'பழம்' என்பதை ஓர் ஊரார் 'பளம்' என்றும் இன்னோர் ஊரார் 'பயம்' என்றும் சொல்வதைப் போல அரபியிலும் சில எழுத்துகள் ஊருக்கு ஊர் வேறாக ஒலிக்கும். அடித்தொண்டையில் பிறக்கும் 'காஃப்' வளைகுடாவில் 'தங்கம்' என்ற சொல்லின் நடுவில் வரும் மெல்லிய ககரமாகிவிடும். கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் அது ஒலிக்காமல் தொண்டையில் ஓர் அடைப்பாக நின்றுவிடும். அதனால் காப்பிக்கு வளைகுடாவில் 'கஹ்வா', கெய்ரோவில் 'அஹ்வா'. 'ஜீம்' கெய்ரோவில் அதே மெல்லிய ககரம். குவைத்திலும் பஹ்ரைனிலும் பல வாய்களில் யகரம். 'மஸ்ஜித்' அங்கே 'மஸ்யித்' ஆவதையும், கோழியான 'தஜாஜ்' 'தியாய்' ஆவதையும் கேட்கலாம்.

மீன்தொழிலாளர்களுக்கு இதைவிடப் பயன்படும் மாற்றம் ஒன்று உண்டு. சாதாரணக் ககரம் வளைகுடாவின் மேல்பகுதியில் சில இடங்களில் 'ச்ச' போல் ஒலிக்கும். நம் நெய்மீன் ஓமானில் 'கன்அத்'. பஹ்ரைன் ஏலத்துறையில் அதுவே 'சன்அத்'. தோஃபாரின் தலைநகரான ஸலாலாவில் பழகிய ஒருவர் பஹ்ரைன் தலைநகர் மனாமா போய், இது வேறு ஏதோ மீன் என்று நினைத்து விலையை விட்டுவிடக்கூடும். கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி' ஆனதும் இதே வகை மாற்றம்தான் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் நம் பிள்ளைகள் ஒருபோதும் மறப்பதில்லை. மாற்றத்தின் விதியைப் பிடித்துவிட்டால் ஒரு சொல்லுக்காக நூறு தடவை விழிக்க வேண்டியதில்லை. ஆனால் விதிக்கு அடங்காத தனிச்சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்: இறால் வளைகுடாவில் 'ருப்யான்', எகிப்தில் 'கம்பரி', சாளைக்கு ஓமானில் 'ஊமா' என்ற பெயர் உண்டு.

யாருக்கு யார் பேச்சு விளங்கும்

பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்குள் சிக்கல் குறைவு. குவைத்தியரும் பஹ்ரைனியரும் கத்தாரியரும் ஒருவரையொருவர் ஏறத்தாழ முழுமையாகப் புரிந்துகொள்வார்கள். தூரம் கூடக் கூடப் புரிதல் குறையும் என்பது பொதுவிதி. ஆனால் அந்த விதியைச் சினிமாவும் தொலைக்காட்சியும் உடைத்துவிட்டன. எகிப்தின் திரைப்படங்களையும் பாடல்களையும் பல தலைமுறைகளாகக் கேட்டு வளர்ந்ததால் மொராக்கோக்காரருக்கு எகிப்தியப் பேச்சு நன்றாக விளங்கும். எகிப்தியருக்கு மொராக்கோப் பேச்சு விளங்காது. சிரியாவின் தொடர்களும், 2008-க்குப் பிறகு சிரியப் பேச்சில் குரல்மாற்றி வந்த துருக்கித் தொடர்களும் அந்த வழக்கை எல்லா வீடுகளுக்குள்ளும் கொண்டுபோயின. மலையாளிகளுக்குத் தமிழ் விளங்கும் அளவுக்குத் தமிழர்களுக்கு மலையாளம் விளங்குவதில்லை என்பதை எல்லையில் வாழும் நாம் நாள்தோறும் பார்க்கிறோம். எந்தப் பேச்சை அதிகம் கேட்டார்கள் என்பது இங்கே உறவின் நெருக்கத்தைவிடப் பெரிய காரணம். களியக்காவிளைக்காரருக்கு மலையாளம் விளங்குவதும் மதுரைக்காரருக்கு விளங்காமற்போவதும் அறிவின் ஏற்றத்தாழ்வால் அல்லவே.

மேற்கே போகப் போக, மொராக்கோ, அல்ஜீரியா வழக்குகளில் உயிரொலிகள் தேய்ந்து மெய்கள் நெருங்கிவிடுகின்றன. வட ஆப்பிரிக்கப் பழங்குடிகளின் மொழியான அமாஸிக், பிரெஞ்சு, ஸ்பானியச் சொற்களும் கலந்திருக்கின்றன. வளைகுடா அரபியர் அதை முதன்முறை கேட்டால் கையை விரித்துவிடுவார். இவற்றைவிடத் தொலைவில் கிடக்கும் சிறு வழக்குகளும் உண்டு. சைப்ரஸ் தீவின் கொர்மகீத்தி ஊர் மரோனைட் கிறிஸ்தவர்களின் அரபி பல நூற்றாண்டுகளாகக் கிரேக்கத்தின் நடுவே தனித்து வாழ்ந்தது; உஸ்பெகிஸ்தானின் புகாரா வட்டார அரபி மற்ற அரபு நாடுகளோடு தொடர்பற்றே வளர்ந்தது. பெயரால் இவை அரபி. கெய்ரோக்காரருக்கோ ரியாத்காரருக்கோ வாக்கியம் பிடிபடாது. தெற்கு சூடானின் ஜூபா அரபியில் சொற்கள் பெரும்பாலும் அரபிதான், இலக்கணம் கலப்புமொழியின் எளிய இலக்கணம். அரபியர் சொல்லைப் பிடிப்பார், செய்தியைத் தவறவிடுவார்.

அரபு நாட்டில் பேசப்படும் அரபியல்லாத மொழிகள்

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. ஆகவே சற்று விரித்தே எழுதுகிறேன். தோஃபாரில் என் முதலாளி அலுவலகத்தில் அரபியில் பேசுவார். அவருடைய அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்ததும் இருவரும் வேறொன்றுக்கு மாறிவிடுவார்கள். நாக்கின் ஓரத்தில் காற்று கசிந்து வருவதுபோன்ற ஓர் ஒலி அந்தப் பேச்சில் அடிக்கடி கேட்கும். அன்றாட அரபியில் அப்படி ஓர் ஒலியை நான் கேட்டதில்லை. ஓராண்டு வரை அதை விரைவான அரபி என்றே நினைத்து, எனக்குக் காது போதவில்லை என்று வருந்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதே அறையில் இருந்த எகிப்தியக் கணக்காளரைக் கேட்டபோது, தனக்கும் ஒரு சொல்கூட விளங்கவில்லை என்றார். அது ஷஹ்ரி, மலைமொழி என்ற பொருளில் ஜிப்பாலி என்றும் அழைப்பார்கள்.

தெற்கு அரேபியாவில் இப்படி ஆறு மொழிகள் இருக்கின்றன: மெஹ்ரி, ஸொகோத்ரி, ஷஹ்ரி, ஹர்ஸூஸி, ஹோப்யோத், பத்ஹரி. அரபியைப் போலவே இவையும் செமிட்டிக் குடும்பத்தவை; ஆனால் அரபியிலிருந்து பிறந்தவை அல்ல. அரபியோடு இவற்றுக்கு உள்ள உறவு தமிழுக்கும் துளுவுக்கும் உள்ள உறவைப் போன்றது. இவற்றைச் சிலர் 'அரபியின் கொச்சை' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு, பேசுபவரைப் புண்படுத்துவதும்கூட. பத்ஹரி பேசுவோர் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். பள்ளியும் அலுவலகமும் தொலைக்காட்சியும் அரபியிலேயே இருப்பதால் மற்ற ஐந்தும் தேய்ந்துவருகின்றன. ஷஹ்ரி பேசுபவருக்கு அரபி தெரியும், அரபி பேசுபவருக்கு ஷஹ்ரி தெரியாது என்ற ஒருவழிப்பாதை அங்கே நிலைபெற்றுவிட்டது. முதலாளியின் அண்ணனிடம், "உங்கள் மொழியில் கடலுக்கு என்ன பெயர்?" என்று நான் கேட்ட நாளுக்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியது. கரையில் காயவைத்த சாளையை ஒட்டகத் தீவனமாக மூட்டைகட்டும் இடத்தில் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார்.

ஓமானின் வடக்கு முனையான முஸந்தத்தில் கும்ஸார் என்றொரு மீனவ ஊர் இருக்கிறது. மலை செங்குத்தாக நிற்பதால் படகில்தான் அங்கே போக வேண்டும். அவ்வூராரின் கும்ஸாரி மொழி பாரசீகக் குடும்பத்தைச் சேர்ந்தது; அரபுச் சொற்கள் நிறையக் கலந்திருந்தாலும் மஸ்கட்காரருக்கு விளங்காது. ஓமானியக் குடிமக்களிலேயே வீட்டில் பலூச்சி பேசுவோரும் சுவாஹிலி பேசுவோரும் உண்டு. 1964 வரை ஸான்ஸிபாரை ஓமானிய வம்சத்தவர் ஆண்டதன் தொடர்ச்சி அந்தச் சுவாஹிலி. ஆகவே வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்த ஒருவர் பேசுவதெல்லாம் அரபியாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். வட ஆப்பிரிக்காவில் அமாஸிக் மொழி 2011-இல் மொராக்கோவிலும் 2016-இல் அல்ஜீரியாவிலும் அலுவல் மொழியாகியிருக்கிறது. எகிப்தின் தெற்கே நூபிய மொழிகள் பேசப்படுகின்றன. இவை இரண்டும் அரபியருக்கு விளங்கா.

சிரியாவின் மஃலூலா ஊரில் இன்றும் பேசப்படும் அரமேய மொழியைப் பற்றி நம் மாவட்டத்தில் ஆர்வத்தோடு கேட்பவர்கள் உண்டு. இயேசு பேசிய மொழியின் கிளை அல்லவா. அரபியருக்கு அதில் சில வேர்கள் மட்டுமே அடையாளம் தெரியும். மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் கோயில்களில் 'குர்பானா' என்கிறோம், பள்ளிவாசல் பக்கம் 'குர்பானி' என்கிறோம். முன்னது அரமேயத்தின் கிளையான சுரியானி வழியாகவும் பின்னது அரபி வழியாகவும் வந்தவை, இரண்டுக்கும் வேர் ஒன்று. இப்படி வேரைக் காண முடிவதாலேயே பேச்சு விளங்கிவிடும் என்று எண்ணுவது பெரும்பிழை. நம் தமிழிலேயே வக்கீல், நகல், ஆஜர், பாக்கி, வசூல் எல்லாம் அரபியிலிருந்து வந்தவைதாமே. வளைகுடாவில் 'வகீல்' என்றால் முகவர், வழக்கறிஞர் 'முஹாமி'. 'நக்ல்' என்றால் இடமாற்றம். வேலை மாறத் துடிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த 'நக்ல் கஃபாலா'வில், அதாவது வேலைக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சரை மாற்றுவதில், வரும் சொல் அது. ஆவணப் பிரதிக்கு 'நுஸ்கா' என்று கேட்க வேண்டும்.

'மாஃபி மாலும்' அரபியின் எல்லை

அறைத்தோழர்களிடம் நீங்கள் முதலில் கற்கப்போவது தொழிலாளர்களின் கலப்பு அரபி. 'அனா மாஃபி மாலும்' (எனக்குத் தெரியாது), 'இன்த்த ஸவ்வி' (நீ செய்), 'ஸீதா ரூஹ்' (நேரே போ) என்று வினைத்திரிபுகளை எல்லாம் உதிர்த்துவிட்டு ஓடும் பேச்சு அது. இந்தியர், வங்காளதேசத்தவர், பிலிப்பினோக்கள் ஆகிய எல்லோரையும் இணைக்கும் அந்தப் பேச்சை நான் தாழ்வாக நினைக்கவில்லை. பசித்தவருக்குச் சோறு வாங்கித்தந்த மொழி அது. வளைகுடா அரபியரும் நம்மிடம் பேசும்போது அதற்கே மாறிவிடுவார்கள், அதனால்தான் நமக்கு அரபி வந்துவிட்டது போன்ற மயக்கம் ஏற்படுகிறது. அதே அரபியர் தன் மகனிடம் திரும்பிப் பேசும்போது உன்னிப்பாகக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது அப்போது தெரிந்துவிடும். வளைகுடாவுக்குப் புதிதாக வந்த துனீசியருக்கோ மொராக்கோக்காரருக்கோ இந்தக் கலப்புப் பேச்சு எளிதில் விளங்காது என்பதையும் அறிந்திருங்கள்.

இதிலிருந்து மேலே ஏறச் சிறிய மாற்றங்கள் போதும். பெண்களை 'இன்த்த' என்று விளிக்காமல் 'இன்த்தி' என்று சொல்லுங்கள். பெரியவரிடம் வெறும் 'ரூஹ்' (போ), 'ஜீப்' (கொண்டுவா) என்று ஏவல் பேசாமல், முன்னால் 'தயவுசெய்து' என்ற பொருளில் 'லவ் ஸமஹ்த்' என்றும் பெண்ணானால் 'லவ் ஸமஹ்தி' என்றும் சேருங்கள். பேச்சுக்கு நீங்கள் வேலை செய்யும் நாட்டின் வழக்கை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். எகிப்தியச் சினிமாவைப் பார்த்து எகிப்திய வழக்கைக் கற்றுக்கொண்டு ஸலாலா சந்தையில் பேசினால் அவர்களுக்கு விளங்கும், அவர்கள் சொல்வது உங்களுக்கு விளங்காது. படிப்புக்கு ஃபுஸ்ஹாவைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒப்பந்தமும் அபராதச் சீட்டும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மதரஸாவில் ஓதியவர்கள் இதில் பாதி வழி வந்துவிட்டவர்கள். உயிர்க்குறிகள் இல்லாத எழுத்தை வாசிக்கும் பழக்கம் மட்டும் அவர்களுக்கு வேண்டும்.

புரிதலைச் சோதிக்கும் முறை

ஓர் அரபியருக்கு இன்னொருவரின் பேச்சு விளங்குகிறதா என்று அறிய, "விளங்கியதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். மரியாதைக்காக எவரும் தலையாட்டிவிடுவார். "அவர் என்ன சொன்னார், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரு நிமிடப் பேச்சைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிந்தால் விளங்கியிருக்கிறது. பொதுவாகச் சொல்லி மழுப்பினால் விளங்கவில்லை. மொழி ஆய்வாளர்களும் அடிப்படையில் இந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். தோஃபாரில் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடும்போதெல்லாம் நான் இப்படித்தான் சோதித்தேன். அரபி பேசுபவர் என்பதால் மட்டும் ஒருவரை மலைக்காரர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் இடையில் நிறுத்திவிடக்கூடாது. உங்களுக்கும் இதே சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்: உத்தரவு கேட்டதும் 'தமாம்' (சரி) என்று சொல்லிவிட்டு நகராமல், நீங்கள் செய்யப்போவதைச் சொல்லிக்காட்டி அவர் தலையசைத்த பிறகு புறப்படுங்கள்.

எடை, விலை, நாள், மருந்தின் அளவு ஆகியவற்றில் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். எண்களின் பெயர்கள் பெரும்பாலும் எல்லா வழக்குகளிலும் நெருங்கியே இருக்கின்றன என்றாலும், இரண்டுக்கு வளைகுடாவில் 'இத்னேன்', மொராக்கோவில் 'ஜூஜ்'. எழுதிக்காட்டச் சொல்லுங்கள். எழுதும் உருவிலும் வேறுபாடு உண்டு: மொராக்கோவிலும் துனீசியாவிலும் நாம் எழுதும் 1, 2, 3 வடிவங்களே வழங்குகின்றன, எகிப்திலும் வளைகுடாவிலும் வேறு வடிவங்கள். அந்த வடிவங்களில் நம் சுழியத்தைப் போன்ற வட்டம் ஐந்தைக் குறிக்கும், சுழியம் வெறும் புள்ளியாக நிற்கும், ஏழு ஆங்கில V எழுத்தைப் போல மேலே திறந்திருக்கும், எட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும். விமானம் ஏறுவதற்கு முன் அந்தப் பத்து வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டின் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.